குச்சி கத்திய திசை

"இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க சிஸ்டர்."

கல்லீரலின் விளிம்பை நர்ஸ் தூக்கினாள். அந்த இடுக்கில் சர்ஜன் உலோகக் குச்சியை நுழைத்து, நெஞ்சுப் பக்கமாகத் திருப்பினார். கருவி உடனே கத்தியது.

மேசையில் கிடந்த பெண்மணி பஸ் டிரைவர். குடலில் வெட்டியெடுத்த புற்று திரும்பி வந்திருந்தது. புற்றைத் தேடிப்போய் ஒட்டும் ஆன்டிபாடியில் கதிரியக்கத்தைச் சேர்த்து ஊசியில் ஏற்றியிருந்தார்கள். அது ஒட்டிய இடத்தில் குச்சி கத்தும். கத்தும் இடத்தை வெட்ட வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

குடலோரம் ஒரு கட்டி அகப்பட்டது. எடுத்ததும் அந்த இடம் அடங்கிவிட்டது. மேல்பக்கம் திருப்பினால் மட்டும் ஓயாத கத்தல். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. கிள்ளி அனுப்பிய சதையில் புற்று இல்லை என்று லேபில் கைவிரித்துவிட்டார்கள்.

"கல்லீரலும் கொஞ்சம் மருந்தைப் பிடிச்சு வெச்சுக்கும் சார். அதுவா இருக்கலாம்," என்றாள் கருவியைக் கவனிக்கும் பெண். தியேட்டரில் அவளுக்குப் பெயர் மீட்டர்.

"இருக்கலாம்னு சொல்ல நீ எதுக்கு? அதை நானே சொல்லிப்பேனே."

"பேட்டரி மாத்திட்டேன், ஒயர் மாத்திட்டேன். இனி என்னைத்தான் மாத்தணும்."

"அப்ப கட்டி நெஞ்சுக்குள்ள இருக்கு. திறந்துதான் ஆகணும்."

துணித்திரைக்கு மேலே மயக்க மருந்து டாக்டரின் தலை எழுந்தது. சர்ஜனின் தங்கை கணவர்.

"மச்சான், இவங்க நுரையீரல் இருக்கிற லட்சணத்துக்கு, திறந்தா டேபிள்லயே போயிடுவாங்க."

"விட்டா வீட்ல போய்ப் போவாங்க மாப்ள. எது தேவலை?"

சர்ஜன் பல்லைக் கடித்தபடி குச்சியை வயிற்றிலிருந்து உருவினார். வீசியெறியத்தான் ஓங்கினார். கை பாதியில் நின்றது.

குச்சி வெறும் காற்றில் கத்திக்கொண்டிருந்தது.

கதவுப் பக்கம் காட்டினார், அடங்கியது. தலைமாட்டுப் பக்கம் காட்டினார், பிசாசாய் அலறியது.

"மருந்து அங்க எங்கயோ சிந்தியிருக்கு," என்று மீட்டர் ஓடினாள். தட்டு, கையுறைப் பெட்டி, குப்பைக்கூடை எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினாள். அலறல் குறையவில்லை.

"மாப்ள, கொஞ்சம் தள்ளுங்க. அவ பாக்கட்டும்."

அவர் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், உட்கார்ந்த நாற்காலியோடு சுவரோரம் உருண்டார். குச்சி வாயை மூடிக்கொண்டது.

"திரும்ப வாங்க."

வந்தார். அலறியது.

அவரைச் சுவரோரமே இருக்கச் சொல்லிவிட்டு, சர்ஜன் கல்லீரலின் அதே இடுக்கில் குச்சியை மறுபடி நுழைத்து, நெஞ்சுப் பக்கம் திருப்பினார். கல்லீரல் பிடித்துவைத்த மருந்தின் முணுமுணுப்பு மட்டும்தான்.

"நெஞ்சைத் திறக்க வேண்டாம். நூல் எடுங்க சிஸ்டர்." பிறகுதான் கோபம் பொங்கியது. "அநியாயமா ஒரு உசுரை எடுத்திருப்பேன். உங்க உடம்புல என்ன மாப்ள இருக்கு? வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"காலைல எனக்கு ஸ்கேன். அதுக்கும் கதிரியக்க ஊசிதான் போட்டாங்க. இங்க மாத்து டாக்டர் இல்லேன்னு நேரா வந்துட்டேன். குச்சி என்னையும் மோப்பம் பிடிக்கும்னு சத்தியமா தோணல மச்சான்."

"எதுக்கு ஸ்கேன்?"

அவர் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ப்ராஸ்டேட்ல புற்று. எலும்புக்குப் போயிருக்கான்னு பாத்தாங்க. போயிருக்கு. உங்க தங்கச்சிக்கு இன்னும் தெரியாது."