உள்ளே இருப்பவர்

ருகேயா ஆன்ட்டியின் கூடத்துச் சுவரில் நான்தான் எழுதினேன்: 'உள்ளே இருப்பவரை நீதிமன்ற உத்தரவில்லாமல் வெளியேற்ற முடியாது.' சிவப்புப் பெயிண்ட். தெருவில் பதினொரு வீடுகளில் அதையே எழுதியிருந்தோம்.

வீட்டை வாங்கிய கம்பெனிக்கு உத்தரவு கிடைக்கவில்லை. ஆன்ட்டி நாற்பத்தாறு வருட வாடகைதாரர். வீட்டில் ஆளில்லாத ஒரு மணி நேரம் கிடைத்தால் உள்ளே புகுந்து பூட்டிக்கொள்ள அவர்கள் காத்திருந்தார்கள். நாங்கள் முறைவைத்துக் காவல் இருந்தோம். அந்நியருக்குக் கதவு திறப்பதில்லை.

ஈத் பெருநாள் காலை மட்டும் கதவை மூட முடியாது. வந்தவரை யாரென்று கேட்பதும் வழக்கமில்லை. கேப் டவுனில் எங்கள் ஆட்களுக்கு அது மானப் பிரச்சினை.

அன்று என் முறை. மூன்று பேர் வந்தார்கள். புதுத் தொப்பி, புதுச் சட்டை.

"ஸ்லாமத், பெருநாள் வாழ்த்து அண்ணே. நல்ல நாள் அதுவுமா வாசல்லயே நிக்க வைப்பீங்களா?"

"அட, வாங்க வாங்க."

ஆன்ட்டி தட்டை நிரப்பிக்கொண்டே இருந்தார். "குச்சியா இருக்கியே, உன் பெண்டாட்டி சமைக்கறதில்லையா?"

"சமைப்பா ஆன்ட்டி. யார் திங்கறது?"

எல்லோரும் சிரித்தோம். அந்தக் குச்சியின் பெயர் ஃபைரூஸ்.

மற்ற விருந்தினர்கள் போனார்கள். அந்த மூவரும் போகவில்லை.

"தம்பி, இன்னும் நாலு வீடு பாக்கணுமில்ல?"

"இல்லண்ணே. எங்களுக்கு இந்த ஒரு வீடுதான்."

ஒருவன் தெருமுனையில் நின்ற கம்பெனி வேனிலிருந்து மூன்று மெத்தைகளைக் கொண்டுவந்தான்.

"வெளிய போங்கடா!" என்று கத்தினேன்.

ஃபைரூஸ் சுவரைக் காட்டினான். "எழுத்து நல்லாருக்கு. உத்தரவு எங்கண்ணே?"

போலீஸ் வந்தது. அவர்களும் சுவரைப் படித்தார்கள். போய்விட்டார்கள்.

ஆன்ட்டி ஃபைரூஸிடம் கேட்டார்: "நீ நம்ம பிள்ளைதானேடா?"

"எங்கப்பா இந்த மலைச்சரிவுலதான் பொறந்தார். நிறவெறிச் சட்டம் போட்டு வெள்ளைக்காரன் எங்களை லாரியில ஏத்தி ஊருக்கு வெளிய மணல்காட்டுல கொட்டினான். உங்க தெரு தப்பிச்சது. அன்னிக்கு எங்களுக்காக யார் உள்ள உக்காந்தீங்க?"



மறுநாள் கழிப்பறைக் கதவைக் கழற்றினார்கள். ஆன்ட்டிக்கு எழுபத்தொன்று. பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருந்தார். நான் சமையலறையில் படுத்தேன்.

ஐந்தாம் நாள் விடிந்ததும், ஆன்ட்டி துண்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்குக் குளிக்கப் போனார். நான் உள்ளே இருந்தேன். ஃபைரூஸ் ஜன்னலிலிருந்து கத்தினான்.

"அண்ணே! ஆன்ட்டி ரோட்ல விழுந்துட்டாங்க!"

ஓடினேன். ஆன்ட்டி ஈரத்தலையோடு நடந்து வந்துகொண்டிருந்தார். பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

கதவைத் தட்டினோம். தெருவே வந்து தட்டியது.

"உள்ள இருக்கறது நாங்க" என்றான் ஃபைரூஸ்.

ஜன்னல் ஒரு சாண் திறந்தது. ஆன்ட்டியின் பெருநாள் தட்டு வெளியே நீண்டது. அதில் ஒரு காய்ந்த சமோசா.

"தட்டை வெறுமையா திருப்பக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லுவாங்க."

ஆன்ட்டி இரண்டு கைகளாலும் வாங்கினார். வாய்ப் பழக்கம். "நன்றிப்பா" என்றார்.