எதிர்த்தரப்புச் சட்டத்தரணி

விஜயகலா ஓப்பநாயக்க ஊர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள். அங்கே செல்வாக்குள்ள அரசியல்வாதி ஒருவரின் தம்பி, அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னாலிருந்த மரக்கறிப் பாத்திகளைத் தரைமட்டமாக்க, மண் தோண்டும் பெக்கோ இயந்திரத்தோடு வந்தான். மறித்து நின்ற அவள் கணவன் கிருஷ்ணகுமாரின் கையை அடித்து முறித்தான்.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. தம்பிக்காகப் பிணை கேட்டவர் விக்கிரமநாயக்க என்ற மூத்த சட்டத்தரணி. விஜயகலாவின் முறைப்பாடு முழுவதும் கட்டுக்கதை என்று சிங்களத்தில் விளாசினார். அவளுக்குச் சிங்களம் நன்றாகவே விளங்கும். ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டு நின்றாள். நீதவான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பிணையை மறுத்து, தம்பியை விளக்கமறியலில் வைக்கும்படி உத்தரவிட்டார்.

வழக்கின் அடுத்த தவணைக்கு அவள் வந்தபோது மன்றத்துக்குள் ஆளில்லை. சட்டத்தரணிகள் எல்லோரும் கறுப்புக் கோட்டோடு வாசலில் வரிசையாக நின்றார்கள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒருவரும் குடை பிடிக்கவில்லை.

தனக்காக ஆஜராகும் சட்டத்தரணி அம்ராவிடம் ஓடினாள். "என்னங்க மிஸ், இன்னைக்கு கேஸ் இல்லீங்களா?"

"நீதவான தூரத்துக்கு மாத்திட்டாங்க விஜயகலா. உங்க கேஸ்ல குடுத்த உத்தரவுதான் காரணம். அதுக்கு எதிராத்தான் எல்லாரும் வேலைய நிறுத்திட்டு நிக்கிறோம். உத்தரவு பிடிக்கலன்னா மேல் நீதிமன்றம் போகலாம். நீதவானையே தூக்கினா, நாளைக்கு யாரு பயப்படாம நியாயம் சொல்லுவாங்க?"

வரிசையைப் பார்த்த விஜயகலா திகைத்துப்போனாள். நடுவில் நின்றவர் விக்கிரமநாயக்க! அந்த உத்தரவால் தோற்றவரே அவர்தான்.

அப்போது அரசியல்வாதியின் ஆட்கள் மோட்டார் சைக்கிள்களில் வந்து இறங்கினார்கள். "சேர், நீங்க எங்க ஆளாச்சே, இங்க என்ன வேலை?" என்று ஒருவன் சிங்களத்தில் கத்தினான்.

"உங்க ஆளுக்காக வாதாடுறது என் தொழில். அதுக்கு ஒரு நீதிமன்றம் இருக்கணும்," என்றார் அவர்.

அவன் அள்ளி எறிந்த சேறு அவர் மார்பில் வந்து அப்பியது. அவர் அதைத் துடைக்கவில்லை. அந்த வரிசையில் ஒரு கால்கூட நகரவில்லை. கொஞ்ச நேரம் கூச்சல் போட்டுப் பார்த்த ஆட்கள் தாங்களாகவே திரும்பிப் போனார்கள்.

 சட்டம் என்றால் உயரமான மேசைக்குப் பின்னால் இருப்பது என்றே இதுவரை விஜயகலா நினைத்திருந்தாள். அது இப்படித் தெருவில் இறங்கி நனைந்துகொண்டு நிற்கும் என்று யார் கண்டார்கள்? தன்னையறியாமல் போய் வரிசையில் நின்றாள். விக்கிரமநாயக்க ஒதுங்கி இடம் விட்டார்.

"காய்ச்சல் வரும், உள்ளே போய் நில்லுங்க," என்றார்.

"எங்களுக்கு மழை புதுசில்லீங்க மாத்தயா," என்று அவளும் சிங்களத்தில் சொன்னாள்.

போராட்டம் பக்கத்து ஊர் நீதிமன்றங்களுக்கும் பரவியது. கடைசியில் இடமாற்றத்தை நிறுத்திவைத்தார்கள். அதே நீதவான் மறுபடியும் ஆசனத்தில் அமர்ந்தார். விக்கிரமநாயக்க மறுபடியும் பிணை கேட்டு எழுந்தார். முன்னைவிடக் காரமாகத்தான் வாதாடினார். இந்த முறை நீதவான் பிணை வழங்கினார். வழக்கு முடியும்வரை தம்பி தோட்டத்தில் கால் வைக்கக் கூடாது என்றும் கட்டளையிட்டார்.

வெளியே வந்ததும் கிருஷ்ணகுமாருக்குப் பொறுக்கவில்லை. "அவன வெளிய விட்டுட்டாங்களே! இதுக்குத்தான் மழையில நின்னியா?"

"ஆமாங்க," என்றாள் விஜயகலா. "உள்ள போட்டப்பவும் நீதவான் அவரா யோசிச்சுத்தான் போட்டாரு. இப்ப விட்டதும் அவரா யோசிச்சுத்தான். யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கல. அதுக்குத்தாங்க நின்னேன்."