லுத்மிலாவின் துவக்கு

அந்த ரஷ்யாக்காரியை என் கண்ணில் காட்டக் கூடாது. நாலு கிழமையாக என் மனிசன் விக்னராஜா வாயைத் திறந்தால் லுத்மிலா புராணம்தான். ஒன்பது வயதில் ரயிலில் அடிபட்டு இடதுகால் போனதாம். பதினைந்தில் பனிச்சறுக்கு பழகினாளாம். சறுக்கிக்கொண்டு போய், மூச்சிரைக்கப் படுத்துக் குறிபார்த்துச் சுட்டுவிட்டு, எழும்பித் திரும்பவும் சறுக்குகிற போட்டியாம். மூன்று பராலிம்பிக்ஸ், போன தடவை வன்கூவரில் வெண்கலம். பிறகு தோள்மூட்டு போய்விட, ஒரு வெள்ளைக்காரனைக் கட்டிக்கொண்டு மெல்பேணுக்கு வந்து, கால் இல்லாத ஆட்களைத் தேடிப் பிடித்துப் பழக்குகிறாள். முள்ளிவாய்க்காலில் ஷெல்லுக்குக் காலைக் கொடுத்த என் மனிசனும் அகப்பட்டுவிட்டார். மூன்று வருஷமாகச் சிரிக்காதவர் அவள் கதையைச் சொல்லும்போது சிரிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“துவக்குப் பிடிக்கிற விளையாட்டோ? எங்கட நிலைமையிலயோ?”

“காத்துத் துவக்கு, கஜந்தி. நீ சும்மா பயப்பிடாத.”

பயப்படாமல் என்ன செய்வது? கப்பலில் வந்து, தடுப்பு முகாமில் கிடந்து, இப்போதுதான் தற்காலிக விசாவில் வெளியே விட்டிருக்கிறார்கள். பாதுகாப்பு விசாரணை இன்னும் முடியவில்லை. ஆயுதம் தொட்டதுண்டா என்று எங்களைத் தனித்தனியாகக் கேட்டார்கள். இல்லை என்று இரண்டு பேரும் சொன்னோம். அவர் சொன்னது உண்மை. நான் சொன்னது பொய். கலியாணத்துக்கு முன் ஆறு வருஷம் நான் இயக்கத்தில் இருந்தேன். இந்த நாட்டில் அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை, ட்ருகனினாவுக்கு அப்பால் ஒரு சுடுபயிற்சிக் கழகத்தின் தகரக் கொட்டகை. எங்கள் விசாக் காரியங்களைப் பார்க்கிற கேஸ்வேர்க்கர் மிருணாளினி கமராவோடு வந்திருந்தாள். நல்ல பிள்ளைதான். ஆனால் எல்லாவற்றையும் எழுதி வைக்கிற பிள்ளை.

விக்னராஜா லுத்மிலாவின் துவக்கோடு பாயில் குப்புறப் படுத்தார். நாலு குண்டும் எங்கேயோ போயின. ஐந்தாவது குறியில் பட்டதும் குழந்தைப்பிள்ளை மாதிரிக் கத்தினார். லுத்மிலா துவக்கை ஒரு கையில் வாங்கிக்கொண்டு குனிந்தாள்; அவரைத் தூக்கிவிட மற்றக் கை போதவில்லை. பக்கத்தில் நின்ற என்னிடம், கேட்காமல் கொள்ளாமல், தன் துவக்கை நீட்டினாள். வாங்கிவிட்டேன். குழல் தரையைப் பார்த்தது. சுட்டுவிரல் விசையைத் தொடாமல் நேரே நீண்டுகொண்டது. மற்றக் கை உள்ளே குண்டு இருக்கிறதா என்று திறந்து பார்த்தது. நான் ஒன்றையும் யோசிக்கவில்லை.

லுத்மிலா பார்த்துக்கொண்டு நின்றாள். இருபது வருஷம் இதே தொழிலில் இருந்தவள்.

“ஹூ டீச் யூ?” என்றாள்.

மிருணாளினி கமராவை இறக்கினாள். “அக்கா, உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமோ?”

“ஐயோ பிள்ளை, எனக்கென்ன தெரியும்!” என்று சொல்லிக்கொண்டே இரண்டு கைகளையும் விட்டேன்.

சீமெந்துத் தரை. மரப்பிடி நெடுக வெடித்தது. குறிபார்க்கும் வளையம் கழன்று உருண்டது. “ஓ மை கோட், அக்கா பயந்திட்டா!” என்று மிருணாளினி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். விக்னராஜா சுவரில் சாய்ந்தபடி நிலத்தைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. இனி அவரை இங்கே ஒருவரும் கூப்பிடப் போவதில்லை. அதுவும் எனக்குத் தெரிந்தது.

லுத்மிலா நல்ல முழங்காலை ஊன்றி, பொய்க்காலைப் பக்கவாட்டில் நீட்டி உட்கார்ந்தாள். அவள் கன்னம் பட்டுப் பட்டு மழுங்கியிருந்த மரத்துண்டைப் பொறுக்கினாள். அதை அவள் பார்க்கவில்லை. என் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து பார்த்தேன். சுட்டுவிரல் இன்னும் மடங்காமல் நீண்டிருந்தது.