செய்தி போகாவிட்டால் வரும் வரி

வீட்டில் அவனை அவசரம் என்றுதான் கூப்பிடுவார்கள். பிறக்க வேண்டிய நாளைத் தாண்டிப் பன்னிரண்டு நாள் ஆறப்போட்டுப் பிறந்தவனுக்கு அப்பா வைத்த பட்டப்பெயர். இப்போது கல்லூரியில் மூன்றாம் ஆண்டு கணினி படிக்கிறான்; எந்த வேலையையும் கடைசி மணி வரை கனியவிடுவான். அன்றைக்கு மட்டும் காலை எட்டு மணிக்கே அக்காவின் லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தான். அம்மா இரண்டு தடவை வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

அக்கா வானிலை ஆய்வாளர். நான்கு மணிக்கு வேன் வரும். வேன் துறைமுகத்துக்கு, அங்கிருந்து கப்பல் ஒரு தீவுக்கு. தீவில் ஒரு வானிலை நிலையம், மூன்று பேர், மிச்சமெல்லாம் காற்று. ஒரு வருஷம். அங்கே செல்போன் எடுக்காது. காற்று சம்மதித்தால் மெலிதாக ஓர் இணைய இணைப்பு கிடைக்கும். அதில் ஓடக்கூடியது ஒரே ஒரு குழு அரட்டைச் செயலி. அதன் நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், யாரும் மாற்றலாம். கோளாறு வந்தால் கேட்பதற்குத்தான் யாரும் இல்லை. அதைப் போட்டுக்கொடுக்கும் பொறுப்பு அவசரத்துக்கு வந்தது.

வந்தது சுற்றுவழியில். அக்கா அவனோடு பேசி மூன்று மாதம் ஆகிறது. வேலைக் கடிதம் வந்த அன்று, மதியச் சாப்பாட்டின்போது, என்ன சொல்வதென்று தெரியாமல் எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, இவன் வாயைத் திறந்தான்: "நல்லதுதான். இனிமே மீன் துண்டு பெருசா கிடைக்கும்." அப்பா சிரித்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார். அக்கா தட்டோடு எழுந்து போனாள். அன்றிலிருந்து இருவருக்கும் நடுவே அம்மாதான் சர்வர். வாங்கியதை வாங்கியபடி கடத்துகிற சர்வர் அல்ல. சார்ஜரைத் தரச் சொல் என்று அக்கா அனுப்பினால், சார்ஜர் வேண்டுமாம், நீயும் போய் முடி வெட்டிக்கொள் என்று வந்து சேரும்.

இப்படியே அவள் கிளம்பிவிட்டால் ஒரு வருஷமும் இப்படியேதான். அது அவனுக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்கத்தான் தெரியவில்லை. கேட்கப் போய் நின்றால் வாயிலிருந்து இன்னொரு ஜோக்கு கிளம்பியது. அதனால்தான் வாய்க்கு வேலையில்லாத இந்த வேலையை மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டான்.

லேப்டாப் கிழடு. தயாராகக் கிடைத்த செயலியைப் போட்டதும், உன் இயந்திரம் மிகப் பழையது என்று முகத்தில் அடித்தாற்போல் ஒரு வரி வந்து எல்லாம் மூடிக்கொண்டது. நிரலை இறக்கி, இந்தக் கிழட்டு இயந்திரத்துக்கு ஏற்றபடி இதிலேயே பில்ட் செய்ய, அதாவது ஓடும் செயலியாகக் கட்டியெடுக்க வேண்டும். அவனுடைய லேப்டாப் புதியதுதான். போன மாதம் அதன் மேல் அவனே உட்கார்ந்துவிட்டான்.

நிரல் தனியாக வரவில்லை. படங்களைக் காட்ட ஒரு துணை நிரல் வேண்டும் என்றது. அந்தத் துணை நிரல், எழுத்துகளை வரைகிற இன்னொருவர் வந்தால்தான் நானும் வருவேன் என்றது. அவர் தன் சித்தப்பாவைக் கூட்டிவரச் சொன்னார். சித்தப்பா வந்தார், ஏற்கெனவே வீட்டில் இருந்த பெரியப்பாவுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒருவழியாக எல்லோரையும் சமாதானப்படுத்தி உட்காரவைத்தபோது மணி பத்து. பில்ட் தொடங்கியது.

திரையில் வரிகள் கீழிருந்து மேலே ஏறின, தரையிலிருந்து வானத்துக்குப் பெய்கிற மழைபோல. மின்விசிறி நிதானமாகச் சுற்றியது. ஜன்னல் திரைச்சீலை மூச்சை இழுத்தது, விட்டது. அடுத்த அறையில் அக்காவின் பெட்டி ஜிப்பு திறந்தது, மூடியது, எதையோ மறந்து மறுபடி திறந்தது. ஒன்பது சதவீதம். பத்து. கோப்புகளின் பெயர்கள், ரயிலில் போகும்போது நிற்காமல் கடந்துவிடும் சின்ன ஸ்டேஷன்களைப்போல வந்து வந்து போயின.

செயலியில் தமிழ் இல்லை. அதன் பெட்டிகளிலும் பொத்தான்களிலும் வரும் வரிகள் தனியே ஒரு கோப்பில் இருந்தன. சும்மா இருப்பதற்கு அதையாவது செய்வோம் என்று ஒவ்வொன்றாகத் தமிழில் மாற்றினான். செய்தி போகாவிட்டால் வரும் பெட்டிக்கு வந்ததும் கை நின்றது. நீளமான வரி வைத்தால் பெட்டி தாங்குமா? சோதித்துப் பார்க்கக் கைக்கு வந்ததைத் தட்டிவைத்தான், பிறகு அழித்துக்கொள்ளலாம் என்று.

எழுபத்தொரு சதவீதத்தில் நினைவகம் போதாமல் பில்ட் செத்தது. ஒரே நேரத்தில் நாலு வேலை செய்யச் சொன்னது தப்பு. ஒவ்வொன்றாகச் செய் என்று சொல்லி, முதலிலிருந்து தொடங்கினான். மணி பன்னிரண்டு.

சாப்பாட்டுக்குப் பிறகு, கண் திறந்தபடியே தூக்கம் வந்தது. மேசை லேசாக ஆடியது, கட்டிவைத்த படகுபோல. மழை இன்னும் மேலே பெய்துகொண்டிருந்தது. தீவில் அக்கா கம்பளித் தொப்பியோடு நின்று வானிலை பலூன் ஒன்றைப் பறக்கவிட்டாள். அது கடலைத் தாண்டி, ஜன்னல் வழியாக உள்ளே வந்து, மின்விசிறிக்கு வழிவிட்டு ஒதுங்கி, கூரையில் போய் மெல்ல முட்டி நின்றது. நூலின் நுனி அவன் காதருகே தொங்கியது. அக்கா ஏதோ சொன்னாள், உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அக்கா எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று காற்றில் ஒரு வரி மட்டும் மின்னியது. அவன் காத்திருந்தான். எதுவும் வரவில்லை.

விழித்தபோது நூறு. மணி மூன்று பத்து. செயலி திறந்தது, ஓடியது, தமிழ் பேசியது. லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று ஓர் எச்சரிக்கை வரவே, பில்டின் மிச்சங்களையெல்லாம் பெருக்கித் துடைத்து அழித்தான். யாரும் சொல்லாமல் அவன் ஓர் இடத்தைச் சுத்தம் செய்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அழித்து முடித்த பிறகுதான் அந்தப் பெட்டியின் வரி ஞாபகம் வந்தது. மாற்றுவதென்றால் மறுபடி முதலிலிருந்து, மூன்று மணி நேரம்.

பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டான். செய்தி போகாவிட்டால்தானே அது வரும்? ரௌட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. அதைக் கண் கொட்டாமல் பார்த்தான். அம்மா அக்காவின் கோட்டோடு வந்து, இஸ்திரிப் பெட்டிக்கு இடம் தேடி, ரௌட்டரின் பிளக்கைப் பிடுங்கிய அதே நேரத்தில், அக்கா கூப்பிடச் சொன்னாள் என்று அப்பா வந்து கையை ஆட்ட, அவன் அந்தப் பக்கம் திரும்பிவிட்டான். அவளுடைய துணிப்பெட்டியை வாசலுக்குத் தூக்கத்தான் கூப்பிட்டது. திரும்பி வந்தபோது அக்கா மேசை முன்னால் உட்கார்ந்து, 'வீடு' என்ற குழுவில் 'சோதனை' என்று தட்டிக்கொண்டிருந்தாள்.

செய்தி போகவில்லை. திரையில் அந்தப் பெட்டி திறந்தது. நன்றாகவே தாங்கியது.

"மீன் ஜோக்கு கேவலம். அதுக்கப்புறம் மீனே ருசிக்கல. நீ போறது எனக்குப் பிடிக்கல. அதைச் சொல்லத் தெரியாம அந்த ஜோக்கைச் சொல்லிட்டேன். மன்னிச்சிடு."

கீழே 'மறுபடி அனுப்பு' என்று ஒரு பொத்தான். அக்காவின் கண் கடைசி வரி வரை போய், முதல் வரிக்குத் திரும்பியதை அவன் பார்த்தான்.

"அம்மா, இதை யார் எழுதினதுன்னு கேளு."

"நீயே கேளு," என்றாள் அம்மா. "நான் இஸ்திரி போட்டுட்டிருக்கேன்."

சர்வர் கைகழுவிவிட்டது.

"டேய்." மூன்று மாதத்தில் முதல் சொல்.

"சோதனைக்குப் போட்டது. அழிக்க மறந்துட்டேன். மாத்தணும்னா மூணு மணி நேரம் ஆகும்."

"வேன் இருபது நிமிஷத்துல வந்துடும்."

"தெரியும்."

"அப்ப இருக்கட்டும்."

அவள் பொத்தானை அழுத்தினாள். பெட்டி மறைந்து மறுபடி வந்தது. இன்னொரு தடவை அழுத்தினாள். அப்போதுதான் பிடுங்கிக் கிடந்த ரௌட்டர் பிளக் அவன் கண்ணில் பட்டது; எழுந்தான்.

"உக்காரு," என்றாள் அக்கா, திரையைப் பார்த்தபடியே. மறுபடி அழுத்தினாள்.

ஒன்பதாம் நாள் தீவிலிருந்து முதல் செய்தி வந்தது. அதற்குள் கல்லூரி ஆய்வகத்தில் அந்த வரியைத் திருத்தி, புதிதாக ஒரு பில்ட் தயாராக வைத்திருந்தான், சொன்னால் அனுப்பிவிடலாம். அக்கா எழுதியிருந்தாள்: "காத்து ஜாஸ்தி. இணைப்பு வந்து வந்து போகுது. இன்னிக்கு மட்டும் பதினோரு தடவை மன்னிப்பு கேட்டிருக்க. இங்க தினமும் மீன். துண்டு பெருசு."

புதிய பில்டை அழித்தான். பதில் எழுத உட்கார்ந்தான். திரைச்சீலை மூச்சை இழுத்தது, விட்டது. ஒரு வரி எழுதுவான், அழிப்பான். கடலுக்கு அப்பால், அவள் திரையில், அவசரம் எழுதிக்கொண்டிருக்கிறான் என்ற வரி அன்று மாலை முழுக்க மின்னியிருக்கும்.