பெல்டன் கிறீக்கில் பத்து மணி ரயில்

அறுபது வருஷமாக ஒரு ரயிலும் நிற்காத ஸ்ரேசனுக்கு, என்னை நானே நியமித்துக்கொண்ட காரியதரிசி நான். இதைக் கேட்டுச் சிரிக்காதவர் எங்கள் பக்கத்தில் இல்லை. சிரிக்கட்டும்.

வீடு மலிவென்று ரொறன்ரோவை விட்டு, அஜக்ஸுக்கு அங்கால் வந்தோம். மலிவுதான், அதற்கு விலை கொடுத்தது என் மனைவி யூஜினியின் நித்திரை. ரொறன்ரோ நடுவில் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. ஹைவேயில் கார் ஓடப் பயம். நாலு மணிக்கு எழும்பி மூன்று பஸ் மாறிப் போவாள். எங்கள் வாசலில் இருந்து எட்டு நிமிஷ நடையில் பெல்டன் கிறீக் ஸ்ரேசன் பலகை அடித்துக் கிடந்தது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

நூலகத்தில் அதன் வரலாற்றைத் தோண்டினேன். 1908இல் அப்பிள் பெட்டி ஏற்றக் கட்டியது. இரண்டு யுத்தத்துக்கும் ஊர்ப் பொடியள் இங்கேதான் ரயில் ஏறினார்கள். 1962 பெப்ரவரியில் ரயில் கொம்பனி ஆள் ஒருவர் வந்து, ஏறுகிறவர்களை ஒரே ஒரு நாள் எண்ணினார். அன்றைக்கென்று பனிப்புயல். ஏறியது நாலு பேர். மூடிவிட்டார்கள். அநியாயம்!

இரண்டு வருஷம் கடிதம் எழுதினேன். கடைசியில் இப்போதைய கொம்பனி இறங்கி வந்தது. ஒரு சனிக்கிழமை பத்து மணிக்குப் பரீட்சார்த்த ரயில் நிற்கும். நூறு பேர் ஏறினால் காலை ரயில் தினமும் நிற்கும்.

நூறு பேர் கிடைப்பார்கள். நேரத்துக்குக் கிடைப்பார்களா? ஆறு மணி விழாவுக்கு எட்டு மணிக்கு வருகிற சனம் அல்லவா நாங்கள்! அதனால் அழைப்பிதழில் “காலை 8 மணி” என்று அடித்தேன். பின்பக்கம் முழுக்க ஸ்ரேசனின் வரலாறு.

சனிக்கிழமை ஏழரைக்கு விளக்குமாற்றோடு போனால், ஸ்ரேசன் மேடையில் ஐம்பது பேர். எட்டுக்கு நூற்று முப்பது. பட்டுச்சேலை, கடிக்க றோல்ஸ், தேத்தண்ணிப் பிளாஸ்க். கலியாணவீடு காத்திருக்கும், ரயில் காத்திருக்காது என்பது என் மண்டைக்குத்தான் ஏறவில்லை.

எட்டரைக்குப் பஸ்ரியன் அண்ணை என்னைப் பிடித்துக்கொண்டார். எங்கள் தெருவில் மூத்தவர், மூக்கு நுனியில் கோபம்.

“ஜெயரட்ணம், ரெயின் எங்கை?”

உண்மையைச் சொன்னேன்.

“எங்களை என்னெண்டு நினைச்சனீர்? நேரத்துக்கு வரத் தெரியாத சனம் எண்டோ? வாங்கோ எல்லாரும், போவம்!”

கார்க் கதவுகள் திறபடத் தொடங்கின. இரண்டு வருஷக் கடிதமும் வீண், யூஜினியின் நாலு மணி நிரந்தரம்.

“அண்ணை, பிழை என்னிலைதான். ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. மகளின்ரை றிசெப்சன் அழைப்பிதழிலை எத்தினை மணி போட்டனீங்கள்?”

“அஞ்சு.”

“பொம்பிளை மாப்பிளை உள்ளுக்கு வந்தது?”

“…ஏழரைக்கு.”

பக்கத்தில் நின்ற யோகமலர் அன்ரி முதலில் சிரித்தார். தன் வீடு குடிபுகுதலுக்கு ஒன்றரை மணித்தியாலம் முந்திய நேரம் அடித்ததாக அவரே ஒப்புக்கொண்டார். பிறகு ஆளாளுக்குப் பாவசங்கீர்த்தனம்தான். அண்ணையும் சிரித்துவிட்டார்.

ஆனாலும் ஒன்றரை மணித்தியாலம் இருக்கிறதே. வேறு வழியில்லாமல் அழைப்பிதழின் பின்பக்கத்தை அன்ரி உரத்து வாசித்தார். கடைசி வரியில் குரல் ஏறியது.

“நாலு பேரெண்டோ மூடினவங்கள்? அதுவும் சினோ கொட்டின நாளிலை எண்ணிப்போட்டு? இண்டைக்கு எண்ணட்டும் பாப்பம்!”

பிறகு ஒருவரும் அசையவில்லை. காரில் ஏறினவர்களும் இறங்கி வந்தார்கள். சிலர் போன் போட்டு மச்சான்மாரையும் கூப்பிட்டார்கள்.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்க யூஜினி ஆறுதலாக நடந்து வந்தாள். “உங்களை எனக்குத் தெரியாதோ? எட்டெண்டா பத்துத்தான்.”

பத்து மணி ஆனது. ரயில் இல்லை. பத்தேகால். பத்தரை. பத்து நாற்பதுக்குத்தான் ஊதிக்கொண்டு வந்தது. மேடை முழுக்கக் கைதட்டல். பஸ்ரியன் அண்ணை மணிக்கூட்டை உயர்த்திக் காட்டி, எண்ண வந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் நாற்பது நிமிஷத்துக்கும் கணக்குக் கேட்டார். அவள் மன்னிப்புக் கேட்டபடியே கிளிக், கிளிக் என்று எண்ணினாள். நான் கடைசியாக ஏறினேன். நூற்று அறுபத்தெட்டு.

ரயில் நகர்ந்ததும் யூஜினி அந்தப் பெண்ணிடம் போய், வேலை நாளில் ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

“ஆறு ஐம்பதுக்கு.”

வந்து என் பக்கத்தில் அமர்ந்து விரல் மடித்தாள். குளிப்பு, தேத்தண்ணி, எட்டு நிமிஷ நடை.

“என்னப்பா, ஆறு மணிக்கு எழும்பினாப் போதும்.”

இன்னொரு தரம் சொன்னாள். “ஆறு மணிக்கு.” சொல்லிவிட்டு, இத்தனை சனத்துக்கு நடுவில், என் கன்னத்தில் கொஞ்சினாள். இருபத்திரண்டு வருஷத்தில் வீட்டுக்கு வெளியே இதுதான் முதல் தடவை. பஸ்ரியன் அண்ணை அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பினார். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.