கஞ்சித்தண்ணி

“கஞ்சித்தண்ணி, ஜெயா. மாட்டுக்கு ஊத்தினா பாலு. நெலத்துக்கு உட்டா நெல்லு.”

“நாறுதேங்க.”

“கஞ்சின்னா புளிக்காதா? உங்க வூட்ல பழைய சோறே துன்னதில்லியா, கலெக்டரு வூட்டுப் பொண்ணு?”

மூன்று வருடங்களுக்கு முன், தீனதயாளன் இப்படி மனைவியைக் கேலி செய்துகொண்டே ஓடைக்கரையை மண்வெட்டியால் திறந்தான். புதிதாக வந்த ஜவ்வரிசி மில்லில் மரவள்ளிக் கிழங்கைக் கழுவி அரைத்த வெள்ளைக் கழிவு, கல்வராயன் மலையிலிருந்து வரும் ஓடையில் கலந்து, அவர்கள் வயலுக்குள் பாய்ந்தது. ஊரே அதைக் கஞ்சித்தண்ணி என்றுதான் சொன்னது. கஞ்சியைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? ஜெயசுதாவும் சிரித்தாள்.

முதல் போகம் நன்றாக விளைந்தது. அடுத்த வருடம் பயிர் மஞ்சளாகிக் கருகியது. அந்தத் தண்ணீரைக் குடித்த பசு நுரை தள்ளிச் செத்தது. தீனா வாய்க்காலை மூடினான். அதற்குள் கிணறு புளித்துவிட்டது.

கழிவைத் தேக்கக் குட்டை வெட்ட வேண்டும், நிலத்தைக் கொடுங்கள் என்று மில் மேனேஜர் வந்தபோது, தீனா அவரை வரப்பிலேயே நிறுத்தித் துரத்தினான். அன்று சொல்ல நினைத்ததை ஜெயசுதா விழுங்கிக்கொண்டாள். அந்த நிலத்தில் இருந்தது அவன் அப்பா வெட்டிய கிணறு.

எண்பத்தேழு செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்தது. சங்கராபுரம் சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். கிழங்கு லாரி வராததால் மில் நின்றது. மூன்றாம் நாள் ஓடை தெளிந்தது. தீனா வீட்டுக்கு ஓடி வந்தான்.

“ஜெயா, கெணத்த ஒட்ட எறச்சிட்டா புதுத் தண்ணி ஊறும். புள்ளைக்கு நம்ம கெணத்துத் தண்ணிதான், பாரு!”

அவளுக்கு ஏழாம் மாதம். குடிதண்ணீருக்கு ஒரு மைல் நடந்துகொண்டிருந்தாள்.

இரண்டு நாள் மோட்டார் ஓடியது. தீனாவின் மாமன் மகன் கொளஞ்சியப்பன் மறியலிலிருந்து திரும்பும் வழியில் எட்டிப் பார்த்தான்.

“ஊரே ரோட்ல குந்திக்கினு கீது. நீ இன்னா மச்சான், கெணத்துல எறங்கிக்கினு கீற?”

“நீ ரோட்ட மறி. ஊத்து வரட்டும், மொத சொம்பு உனக்குத்தான்.”

சாயங்காலம் அடிப்பாறை தெரிந்தது. பாறை இடுக்கில் ஊற்று கசிந்தது. தீனா கையில் ஏந்திக் குடித்தான். மேலிருந்து ஜெயசுதா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் நிமிரவில்லை.

“இன்னாங்க?”

“புளிப்பு கொஞ்சம் கம்மியாத்தான் கீது.”

“சொம்ப அனுப்புங்க.”

கயிற்றில் மேலே வந்த சொம்பை முகர்ந்தாள். அதே புளிப்பு. தண்ணீர் பாறைக்குள்ளிருந்தே கெட்டு வந்தது.

“இன்னொருவாட்டி எறச்சிப் பாக்கறேன், ஜெயா. மில்லு இன்னும் நாலு நாள் ஓடலன்னா…”

“மேல வாங்க.”

ஏறி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். முந்தானையால் அவன் முகத்துச் சேற்றைத் துடைத்தாள். துடைத்த கையை எடுக்காமலே சொன்னாள்.

“அந்த மேனேஜர வரச் சொல்லுங்க. நெலத்த மில்லுக்கே குடுத்துடுங்க. புள்ள பொறக்கறதுக்குள்ள எங்கியாவது போயிடலாங்க.”