எண்ணாமல் எழுதிய பதினாறு

மயக்க மருந்து டெக்னீஷியன் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டேன். இப்போது கிளிஞ்சல்மேட்டுப் பக்கம் ஐஸ் பிளாண்டில் இரவு ஷிப்ட். இங்கிலீஷ் வரவில்லை, அதனால்தான் விட்டேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

பயிற்சிக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். ஆபரேஷன் முடிந்து வருபவர்களின் மூச்சைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணித் தாளில் எழுத வேண்டும். மயக்க டாக்டர் புகழேந்தி முதல் நாளே சொன்னார்:

"கண்ணத் தொறந்தாலும் மயக்க வாயு உடம்புல கொஞ்சம் கிடக்கும். காத்து பத்தலன்னா மூளை பதறி இழுக்கச் சொல்லும்ல, அந்தப் பதற்றத்தையே அது மழுக்கிடும். மாஸ்க்ல ஆக்சிஜன் ஓடுறவரைக்கும் விரல்ல மாட்டுற மெஷின் தொண்ணூத்தொம்பதுதான் காட்டும். அத நம்பாத. நெஞ்சப் பாத்து எண்ணு."

யாரும் எண்ணுவதில்லை. சாதாரண அளவு பதினாறு என்று போட்டுவிடுவோம்.

ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்கு அஜீசுன்னிசா வந்தார். பித்தப்பை ஆபரேஷன், கனத்த உடம்பு. நாலு மணிவரைக்கும் உள்ள கட்டங்களில் அப்போதே பதினாறு நிரப்பிவிட்டு போனை எடுத்தேன். துணைக்கு மகள் சித்திக்காவை உள்ளே விட்டிருந்தார்கள். கையில் ஓதி எண்ணும் தஸ்பீஹ் மணிமாலை.

"தம்பி, உம்மாவோட ஒரு மூச்சுக்கு ஒரு மணி தள்ளுறேன். நிமிஷத்துக்கு ஆறுதான் வருது."

"தொண்ணூத்தொம்பது இருக்குங்க. அசந்து தூங்குறாங்க. நீங்க பாட்டுக்கு ஓதுங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "வரல தம்பி" என்றாள். அவள் விரல் ஒரே மணியில் நின்றிருந்தது.

ஓடிப் போய் உலுக்கினேன். "மூச்சு இழுங்கம்மா" என்று கத்தினால் ஒன்று இழுத்தார். கத்துவதை நிறுத்தினால் அதுவும் நின்றது. மெஷின் அப்போதும் தொண்ணூற்றேழு காட்டியது. பிறகுதான் மளமளவென்று இறங்கியது. டாக்டர் வந்து முகத்தில் பலூனை வைத்து அமுக்க ஆரம்பித்தார். இருபது நிமிடம். பிழைத்துக்கொண்டார்.

"எப்பலேர்ந்து குறைஞ்சுச்சு?" என்று டாக்டர் தாளை எடுத்தார். மணி மூன்றுகூட ஆகவில்லை. நாலு மணிக் கட்டத்திலும் பதினாறு இருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை.

"அந்தப் பொண்ணுகிட்ட நீயே போய்ச் சொல்லு" என்றார்.

சித்திக்கா வராண்டாவில் நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், "நல்லா இருப்பீங்க தம்பி. கத்திக் கத்தி உம்மாவ எழுப்புனீங்க" என்றாள்.

சொன்னேன். ஒரு தடவைகூட எண்ணவில்லை, அவங்க வந்தவுடனேயே நாலு மணிவரைக்கும் எழுதிவிட்டேன் என்று.

அவள் உம்மா கிடந்த அறைப் பக்கம் திரும்பினாள்.

"அப்ப உம்மாவ யாருதான் பாத்துக்கிட்டிருந்தா?"

"நீங்கதாங்க" என்றேன்.